வரம்பு காணப்படவில்லை

தொண்ணூற்றொரு மணி நேரமாகத் தாமோதரன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவருக்குக் குரல் தருவதற்காகக் கழுத்தில் மாட்டியிருந்த மிடற்றுப்பட்டை அதைக் கணக்கிட்டு, மருத்துவமனைக்கும், அதன் மென்பொருளைக் கட்டித்தந்த கட்டகத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. நூற்றிருபது ஆனால் பட்டையைக் கழற்றி, காத்திருக்கும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பட்டை போனால் தக்காளிச் சந்தையில் அவர் ஏலம் கூறும் இடமும் போய்விடும்.

கட்டகத்தின் பொறுப்பாளர் ஷர்மிளா பானு அந்தச் செய்தியைக் கட்டுநர் கவின்மலரின் திரைக்குத் தள்ளிவிட்டு, தானும் எழுந்து வந்தார்.

“உன் கட்டுதானே இது?”

கவின்மலர் தலையாட்டினாள்.

ஷர்மிளா கட்டுப்பதிவைத் திறந்து பார்த்தார். பிழைகள் இல்லை. எச்சரிக்கைகள் இல்லை. இவ்வளவு சுத்தமான கட்டில் குறை இருக்க வாய்ப்பில்லை, உணரியில் தூசி படிந்திருக்கும், இல்லாவிட்டால் டாக்டர் சொல்வதுபோலக் குரல்சோர்வாக இருக்கும் என்றார். எதற்கும் நேரில் போய்ப் பட்டையைத் துடைத்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கவின்மலர் அதற்கும் தலையாட்டினாள்.

உடலில் பொருத்தும் கருவிகளைச் செய்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, திருத்த முடியாத மென்பொருளோடு லட்சக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதன் பிறகுதான் சட்டம் வந்தது. உடலைத் தொடும் எந்த மென்பொருளும், யாரும் படித்துத் திருத்தக்கூடிய மூலநிரலோடுதான் வர வேண்டும். அதை அணிகிறவரின் ஊரிலேயே, அவர் உடலின் அளவுகளைக் கொடுத்து, தொகுப்பியில் இட்டு, ஓடும் மென்பொருளாகக் கட்ட வேண்டும். ஊருக்கு ஊர் கட்டகங்கள் முளைத்தன. இயற்பியல் படித்துவிட்டு, ஆட்களோடு அதிகம் பேச வேண்டியிராத வேலையைத் தேடிக்கொண்டிருந்த கவின்மலருக்கு இது தனக்காகவே உண்டான வேலை என்று தோன்றியது.

கட்டகத்தில் விசைப்பலகைகள் கிடையாது. கட்டுநர்களும் ஆளுக்கொரு மிடற்றுப்பட்டை அணிந்திருப்பார்கள். வாயைத் திறக்காமல் ஆணையை நினைத்தால் போதும், தொகுப்பி அதை எடுத்துக்கொள்ளும்.

பட்டையின் வேலை எளிமையானது. பேச நினைக்கும்போது தொண்டைத் தசைகள் மெல்லத் துடிக்கும். பக்கவாதம் வந்து நாக்கு புரளாமல் போனாலும் அந்தத் துடிப்பு இருக்கும். பட்டை அதைப் படித்து, அவருடைய பழைய குரலிலேயே ஒலிக்கும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. மனத்துக்குள் நினைக்கிற சொற்களுக்கும் தொண்டை துடிக்கத்தான் செய்கிறது. எது சொல்ல நினைத்தது, எது வெறுமே நினைத்தது என்று பிரிக்க ஓர் அளவு வேண்டும். அதற்குச் சொல்வரம்பு என்று பெயர். துடிப்பு வரம்பைத் தாண்டினால் பேச்சு. தாண்டாவிட்டால் அது அவரவர் மனத்தோடு. வரம்பு ஆளுக்கு ஆள் மாறும். நூற்றுக்கு முப்பது, நாற்பது என்று இருப்பதுதான் வழக்கம்.

கவின்மலருடையது எண்பத்து மூன்று. வேலையில் சேர்ந்த அன்று அளந்தபோது, இவள் பட்டையை பேங்க் லாக்கருக்குப் பூட்டாகப் போடலாம் என்று ஷர்மிளா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்த எண் அப்போதிருந்து கட்டகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

தாமோதரனுக்கான கட்டு போன வாரம் அவளிடம் வந்தது. ஒலி நூலகத்தின் பதிப்பு பொருந்தவில்லை என்று முதலில் நின்றது. அவள் பழைய பதிப்பை இறக்கிக் கட்டினாள். பிறகு தொகுப்பியின் வேகநிலை அதிகம் என்று நின்றது. அதைக் குறைத்தாள். மூன்றாவது முறை வேறொரு வரி வந்தது.

சொல்வரம்பு காணப்படவில்லை.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து கட்டினாள். அதே வரி. வேகநிலையைச் சுழியமாக்கிப் பார்த்தாள். போன ஆண்டுத் தொகுப்பியைத் தேடி எடுத்துப் பார்த்தாள். அதே வரிதான். தாமோதரனின் அளவுப்பதிவில்தான் ஏதோ சரியில்லை. அவரைக் கூப்பிட்டு இன்னொரு முறை அளவெடுக்க உட்காரச் சொன்னால் தீர்ந்தது. அதற்குத் தொலைபேசியில் பேச வேண்டும். ஏன் மறுபடியும் என்று அவர் மனைவி கேட்பார். பக்கத்து மேசைகளில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவள் கூப்பிடவில்லை. கட்டுநர் மன்றத்தில் அந்த வரியை இட்டுத் தேடினாள். யாரோ நான்கு வருடங்களுக்கு முன் கேட்டிருந்தார். அடியில் ஒருவர் பதில் எழுதியிருந்தார்: ‘தன்னுடல் என்ற தேர்வைப் போடுங்கள். எச்சரிக்கைகளை அடக்கிவிடுங்கள். எனக்கு வேலை செய்தது.’ ஏன் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதற்குக் கீழே, எனக்கும், எனக்கும் என்று திரை நிறைய வரிகள்.

தன்னுடல் தேர்வைப் போட்டாள். எச்சரிக்கைகளை அடக்கினாள். கட்டு ஒரே மூச்சில் முடிந்தது. அவளும் அங்கே, ‘எனக்கும் வேலை செய்தது, நன்றி’ என்று எழுதினாள்.

கட்டகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கட்டியவர் அன்று எல்லோருக்கும் டீ வாங்கித்தர வேண்டும். கவின்மலர் முதன்முறையாக டீ வாங்கித்தந்தாள். ஷர்மிளா எல்லோர் முன்னாலும் அவள் தோளைத் தட்டினார்.

பட்டை பொருத்திய அன்று அவளும் தாமோதரன் வீட்டுக்குப் போயிருந்தாள். உறவுக்காரர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். சந்தையில் இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் ஏலம் கூறுகிற மனிதர், பக்கவாதம் வந்து ஏழு மாதம் கழித்து என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள். எப்படி இருக்கிறது என்று மனைவி கேட்டார். “பரவால்ல,” என்றது பட்டை. காபி தரட்டுமா என்று கேட்டார். “இல்ல, இருக்கட்டும்.” அவ்வளவுதான். யார் என்ன கேட்டாலும் கவின்மலர் சொல்கிற பதில்களும் இவைதான். களைப்பாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். கவின்மலர் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கிளம்பினாள். அன்றிலிருந்து பட்டை ஒலிக்கவில்லை.

இப்போது மறுபடியும் அதே கூடம். உறவுக்காரர்கள் இல்லை. தாமோதரன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சுகந்தி அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். கேட்காமலே பேசத் தொடங்கினார். டாக்டர் முந்தாநாள் வந்து பார்த்தாராம். குரல்சோர்வு என்று ஒரு புது நோயாம். பட்டை போட்டவர்களுக்குக் குரல் கிடைத்தபின் பேசும் ஆசையே போய்விடுமாம். மாநிலம் முழுக்க நிறையப் பேருக்கு வந்திருக்கிறதாம். மாத்திரை தந்திருக்கிறார். அதைப் போட்டால் மனிதர் பகலிலும் தூங்குகிறார்.

“முந்தியெல்லாம் சித்த வாய மூடுங்கன்னு கும்புட்டுக் கேப்பனுங்க கண்ணு,” என்றார் சுகந்தி. “இப்பக் கடவுள் கேட்டுட்டானாட்ட இருக்குது.” சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தார். “பாருங்க, இத்தன சொல்றேன், ஒரு மொறப்பு மொறைக்கிறாரா? கல்யாணமாகி இத்தன வருசத்துல நாஞ் சொல்லி அவரு பதில் சொல்லாம இருந்ததே இல்லீங்க.”

கவின்மலர் அலைகாட்டியைப் பட்டையோடு இணைத்தாள். வரம்புக்குக் கீழே இருக்கும் சொற்களைக் கட்டுநர் படிக்கக் கூடாது. அது தொழில் ஒழுக்கம். அலையின் உயரத்தை மட்டும் பார்க்கலாம். திரையில் அலைகள் ஓயாமல் எழுந்தன. ஐம்பது, அறுபது, எழுபத்தைந்து. சுகந்தி பேசப் பேச இன்னும் உயர்ந்தன. ஒன்று எண்பதைத் தொட்டு விழுந்தது. தாமோதரனின் நெற்றி வியர்த்திருந்தது. பட்டையிலிருந்து சத்தமே இல்லை. அவர் பேசாமல் இல்லை. பேசிக்கொண்டே இருந்தார்.

கவின்மலர் வியப்படையவில்லை. திரையைச் சுகந்திக்குத் தெரியாதபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தாமோதரன் அவளைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அவள் குனிந்து இணைப்புக்கம்பியைச் சுருட்டினாள்.

“தூசிங்களா?” என்று கேட்டார் சுகந்தி.

“ஆமாங்க,” என்றாள். சொன்னவுடன் காது சூடாயிற்று. பட்டையை எடுத்துப்போய்ச் சுத்தம் செய்து நாளைக் காலையில் மருத்துவமனையில் பொருத்திவிடலாம் என்றாள். பிறகு, கேட்காமலே இருந்துவிடலாம் என்று நினைத்ததைக் கேட்டாள். “அளவு எடுத்தப்ப ஐயா எப்படி உக்காந்திருந்தாருங்க?”

சுகந்தி சிரித்தார். “அதையேன் கேக்கறீங்க. பாதி நேரம் சொல்ல நெனைக்கோணுமாம், பாதி நேரம் சும்மா மனசுக்குள்ள நெனைக்கோணுமாம். இவருகிட்டப் போயி! மனசுக்குள்ள நெனைன்னு சொன்னா அதையும் ஒடனே சொல்லியாகோணும் இவருக்கு. அவருக்கு உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணெல்லாம் தெரியாதுங்க.”

கட்டகத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பேச்சு கூடவே வந்தது.

மேசைக்கு வந்ததும் அடக்கி வைத்திருந்த எச்சரிக்கைகளைத் திறந்துவிட்டு, அதே கட்டை மறுபடியும் ஓட்டினாள். மூன்று எச்சரிக்கைகள் வந்தன. முதல் இரண்டும் ஒலி நூலகத்தைப் பற்றியவை. மூன்றாவது: ‘கட்டுபவரின் கழுத்திலுள்ள பட்டையிலிருந்து சொல்வரம்பு எடுக்கப்படுகிறது. அணியப்போகிறவரும் இவர்தானா?’

அது கேள்வியாகவே இருந்தது. யாரோ, எங்கோ, வருங்காலத்தில் ஒருவர் அவசரத்தில் இருப்பார் என்று நினைத்துப் பொறுமையாக எழுதிய கேள்வி.

கையேட்டில் பழைய பிழைச்செய்திக்கும் விளக்கம் இருந்தது. சொல்வரம்பு காணப்படவில்லை என்று வந்தால் பதிவு பழுதாகியிருக்கலாம். அல்லது அணிபவருக்கு வரம்பே இல்லாமலிருக்கலாம். அவரிடம் பேசி உறுதி செய்துகொண்டு, ‘வரம்பின்றி’ என்று கட்டவும்.

தொகுப்பி முதலிலிருந்தே சரியாகத்தான் சொல்லியிருந்தது. நினைப்பதற்கும் சொல்வதற்கும் நடுவில் சுவர் இல்லாத ஒரு மனிதன் இருக்க முடியும் என்பது அவளுக்குத்தான் தோன்றவில்லை. அவள் அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு, தன் சுவரைக் கொண்டுபோய் அவர் தொண்டையில் வைத்துவிட்டாள்.

வரம்பின்றி என்று கட்டினாள். எச்சரிக்கைகளை அடக்கவில்லை. இரண்டு வந்தன. இரண்டையும் சரி செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை. புதிய கட்டை ‘பராமரிப்பு’ என்ற தலைப்பில் பதிந்தாள். இனிமேல் யாரும் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று நினைத்தபோது உடம்பு லேசாயிற்று. லேசானதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை மருத்துவமனை அறையில் டாக்டர் இளவேனில் இருந்தார். பட்டையை மீண்டும் பொருத்தினால் கட்டகப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் ஷர்மிளாவும் வந்திருந்தார். கவின்மலர் பட்டையைத் தாமோதரனின் கழுத்தில் மாட்டி, கொக்கியைப் போட்டாள்.

“...இந்தக் கையி என்ன இப்படிச் சில்லுனு இருக்குது, சாப்புட்டியா அம்மணி, அடடா, வருது, சுகந்தி, வருது பாரு, நீ வெக்கற ரசத்துல உப்பே இல்ல, நாலு நாளா சொல்லோணும் சொல்லோணும்னு...”

சுகந்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே, உப்பு டாக்டர்தான் குறைக்கச் சொன்னார் என்றார். பட்டை அதற்கும் பதில் சொன்னது. ஷர்மிளா சிரித்தார். டாக்டரும் சிரித்தார். தாமோதரன் ஜன்னல் வழியே தெரிந்த வண்டியைப் பற்றியும், டாக்டரின் சட்டையைப் பற்றியும், தன் இடத்தில் இப்போது ஏலம் கூறிக்கொண்டிருப்பவனுக்குத் தக்காளிக்கும் தவளைக்கும் வித்தியாசம் தெரியாது என்பதைப் பற்றியும் பேசினார். பிறகு குரல் சற்றுத் தணிந்தது.

“நாலு நாளும் கத்துனனுங்க. ஒண்ணும் வெளிய வரல. கத்தற அளவுக்கு நெனச்சாலும் வரல. இப்படி எல்லாத்தையும் உள்ளயே வெச்சுட்டு ஒரு மனுசன் எப்படித்தான் சோறு திங்கறதுன்னு நெனச்சனுங்க.”

கவின்மலர் சுவரைப் பார்த்தாள்.

டாக்டர் இதையெல்லாம் குறித்துக்கொண்டார். இது குரல்சோர்வின் சரியான அடையாளம், மாத்திரை வேலை செய்திருக்கிறது என்றார். இந்த நோய் பற்றித் தான் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையில் இதையும் சேர்க்கப்போவதாகச் சொன்னார். இதுவரை மாத்திரையில் இவ்வளவு சீக்கிரம் யாரும் தேறியதில்லையாம். பெரும்பாலோருக்குப் பட்டையைத் திரும்பப் பெற வேண்டியிருந்ததாம். நிறுத்தினால் திரும்ப வரும், அதனால் ஒரு வருடத்துக்கு மாத்திரையைத் தொடர வேண்டும். அதுவரை ஏலம் கூடாது. மனத்தை மாற்றும் மருந்து எடுப்பவர் ஏலம் கூறுவதைச் சந்தைக்குழு ஏற்காது. இயந்திர ஏலத்தில் ஏமாந்தபின், கூறுகிற சொல் கூறுகிறவருடையதாகவே இருக்க வேண்டும் என்று விவசாயிகள் வாங்கிய விதி அது.

“ஒரு வருசமுங்களா?” என்றது பட்டை. “ஒரு வருசம் கழிச்சு அந்த எடத்துல என்னைய யாரு நிக்க உடுவா? வேற என்ன தெரியும் எனக்கு? பேசத்தானுங்க தெரியும். இந்த மாத்தரையப் போட்டா எந்துரிக்கவே முடியறதில்லீங்க டாக்டர்...”

டாக்டர் பரிவோடுதான் மறுத்தார். மருந்துச்சீட்டில் எழுதத் தொடங்கினார்.

“டாக்டர்,” என்றாள் கவின்மலர். யாருக்கும் கேட்கவில்லை. பழக்கத்தில் வாய்க்குள் சொல்லியிருந்தாள். இன்னொரு முறை சொன்னாள். இந்த முறை ஷர்மிளா திரும்பிப் பார்த்தார்.

“மாத்திரை வேண்டாங்க. அவருக்கு நோயே இல்ல.”

பிறகு சொன்னாள். தன்னுடல் தேர்வு, அடக்கிய எச்சரிக்கைகள், தூசி என்று சொன்ன பொய், பராமரிப்பு என்ற பெயரில் பதிந்த புதுக் கட்டு. வரிசையாகச் சொல்ல வரவில்லை. நடுவில் இரண்டு முறை நின்றாள். அவர் கழுத்தில் இருந்தது யாருடைய வரம்பு என்று ஷர்மிளா கேட்டபோது எண்ணை மட்டும் சொன்னாள். கட்டகத்தில் அந்த எண் வேறு யாருக்கும் இல்லை.

ஷர்மிளா பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு, இந்தத் தேர்வை எங்கே பார்த்தாய் என்று கேட்டார். கவின்மலர் மன்றத்தின் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். எனக்கும், எனக்கும், எனக்கும். ஷர்மிளா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வெவ்வேறு ஊர்க் கட்டகங்களின் பெயர்கள். சில பெயர்களை டாக்டர் எட்டிப் பார்த்து, தன் கட்டுரையின் அட்டவணையை எடுத்தார். ஒன்றிரண்டு ஊர்களைச் சரிபார்த்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த ஊர்களில் எல்லாம் குரல்சோர்வு வந்திருந்தது. அந்தப் பட்டைகளைக் கட்டியவர்கள் வாய் திறக்காமல் வேலை செய்யலாம் என்பதற்காகவே அந்த வேலைக்கு வந்தவர்கள். மாநிலம் முழுக்க இப்படிப் பட்டை போட்டவர்கள் அத்தனை பேரும், அதைக் கட்டியவர்கள் சொல்லத் துணிகிற அளவுக்குத்தான் பேசியிருந்தார்கள். அந்த அளவை எட்ட முடியாதவர்களுக்கு நோய் என்று பெயர் வைத்து, மாத்திரை கொடுத்து, பட்டையைக் கழற்றியாயிற்று.

டாக்டர் மருந்துச்சீட்டைக் கிழித்தார். மெதுவாகக் கிழித்தார்.

“சரி,” என்றார் ஷர்மிளா. குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “தப்பு யாருக்கும் வரும். கண்டுபிடிச்ச ஒடனே சரிபண்ணிட்டே. இன்னைக்கே எல்லா ஊருக்கும் சொல்லிரலாம். அறிக்கை எழுதணும். எப்பத் தெரிஞ்சுது உனக்கு, நேத்துத்தானே?”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். தலையாட்டுவது அவளுக்கு எளிது. சுகந்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இன்னும் கொஞ்சம் நன்றி மிச்சமிருந்தது.

தாமோதரன் ஏதாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டுவார், கிண்டல் செய்வார், பேச்சு வேறு பக்கம் திரும்பும். பட்டை ஒலிக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வரம்பு இல்லாத பட்டை. மனத்தில் ஒரு சொல் எழுந்தால்கூட அது வெளியே வந்துவிடும். அவர் மனத்தில் ஒரு சொல்லும் எழவில்லை. அவளைப் பார்த்தபடி, அவள் சொல்வதைக் கேட்பதற்காக மட்டும் உட்கார்ந்திருந்தார்.

அறையில் அவ்வளவு அமைதியை அவள் இதுவரை கேட்டதில்லை.

“இல்லக்கா,” என்றாள் கவின்மலர். “முதல் நாளே தெரியும். மாட்டி அஞ்சு நிமிசத்துலயே தெரிஞ்சுருச்சு.”